மேல் மார்ஜினில் ஒரு பிள்ளையார் சுழி

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். அதுவே ஒருநாள் வினையாகிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திருத்தணியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் பெரிய இன்க்ஜெட் பிரிண்டர் வாங்கிய புதிது. பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். சென்னையில் புகைப்படக் கலைஞர். தறியில் உட்கார்ந்திருக்கும் தன் காலமான அப்பாவின் படத்தைக் கண்காட்சிக்குப் பிரிண்ட் போட வேண்டும். கோட்டிங் கொடுத்த பளபளப்புத் தாள், பத்தே ஷீட், அவரே கொண்டுவந்திருந்தார். பத்தும் நன்றாக வந்தன.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தப் பேப்பர் இங்க எங்கியும் கெடைக்காது. ஒன்னு வீணாச்சு, நாளைக்கு நீ கடைக்கு வராத. புரிஞ்சிதா?"

"ஆங், சரிங்க" என்றேன். அப்போதே உள்ளங்கை வேர்த்தது.

அந்தத் தாளில் பென்சில் வழுக்கும், பால்பாயிண்ட் கோட்டிங்கைக் கீறும். பிக்மென்ட் மைப் பேனாதான் சரி. ஆனால் மை காயப் பத்து நிமிடமாவது விட வேண்டும். பில்லில் என் கையெழுத்தைப் பார்த்திருந்த அந்தக் கலைஞர் சார் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"கீழ இடது ஓரத்துல 1/10, 2/10ன்னு நம்பர் மட்டும் நீ எழுதுப்பா. டீ குடிச்சிட்டு வந்து வலது பக்கம் நான் கையெழுத்து போட்டுக்கிறேன்."

முதல் பிரிண்டை எடுத்து வைத்தேன். எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவது என் பழக்கம். மேல் மார்ஜினின் நடுவில் கை தானாகவே அந்தச் சுழியைப் போட்டுவிட்டது.

துடைத்தால் கோட்டிங் உரியும். வாசலில் செருப்புச் சத்தம். முதலாளிதான் என்று நினைத்து, பிரிண்டைக் குப்புறக் கவிழ்த்து மற்றவற்றின் மேல் குறுக்காகப் போட்டேன்.

வந்தது சார்.

"இன்னாப்பா, இப்பிடி வேர்த்துகினு நிக்கிற?"

சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "அட, இதுக்கா? மேல் மார்ஜின் ஃபிரேமுக்குள்ள பூடும். யாருக்கும் தெரியாது."

போன உயிர் திரும்பி வந்தது. அவர் கவிழ்ந்த பிரிண்டை எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஈர மை அடியிலிருந்த பிரிண்டில், கிழவரின் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"எங்க நைனா மூஞ்சிப்பா இது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதலாளியிடம் தன் கைதான் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு ஒன்பதோடு போனார். என் வேலை தப்பியது. ஆனால் அதன்பின் எந்தப் பிரிண்டைத் தொட்டாலும் பயம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கை தவறினால் எதையும் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். அந்தச் சுழியை ஃபிரேம் மறைத்திருக்கும். நான் மறைக்கப் போய்த்தான் கெட்டது.