நிற்காமல் போக ஒரு கார்

டோர்கிரிம் மோலாண்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்லோவை அடுத்த ட்ராம்மன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலி, அடைத்துக்கொண்ட கழிப்பறை என எதுவானாலும் ஒரே முகத்தோடு சரிசெய்வார். முப்பது வருடத்தில் அங்கே யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சொந்த அண்ணன் ஹல்வாரிடம் மட்டும் பத்தொன்பது வருடமாகக் குரலே இல்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. வழக்கப்படி பள்ளத்தாக்குப் பண்ணை மூத்தவனுக்குப் போனது. மலைமேல் இருந்த, மின்சாரம் இல்லாத மரக்குடில் இளையவனுக்கு வந்தது.

"உனக்கென்னடா, மேல காத்து நல்லா வரும்" என்றார் ஹல்வார்.

டோர்கிரிம் கேக் தட்டைக் கீழே வைத்தார். "இந்த முற்றத்துல இனிமே என் வண்டிச் சக்கரம் நிக்காது" என்றார்.

இந்த இடத்தில் மனிதர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குடிலுக்குப் போகிற ஒரே பாதை அந்த முற்றத்தின் நடுவே, வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையில்தான் போகிறது. வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் நிற்காது என்றார். சொன்னதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றவும் செய்தார். ஒருமுறை பாதையின் குறுக்கே ஹல்வாரின் செம்மறி படுத்திருந்தது. அது எழுந்து போகும் வரை டோர்கிரிம் முற்றத்திலேயே ஏழு வட்டம் அடித்தார். ஹல்வார் ஜன்னலில் நின்று வட்டங்களை எண்ணினார். ஒருவரும் கை அசைக்கவில்லை.

டீசல் வண்டி இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. ஒரு டாங்க் நிரப்பினால் மலைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகலாம். போன இலையுதிர் காலத்தில் அந்த வண்டி செத்தது. ஊரில் எல்லோரும் மின்சாரக் காருக்கு மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. டோர்கிரிம்தான் பாக்கி.

விற்பனைக் கூடத்தில் இருந்தவன் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தான்.

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"ஆறு கிலோமீட்டர்."

"அப்ப இந்தச் சின்னது போதும். முந்நூறு ஓடும்."

"குளிர்ல?"

"குளிர்ல ஒரு நூத்தித் தொண்ணூறு."

"மைனஸ் பதினெட்டு. எதிர்க்காத்து. கூரைமேல பெட்டி. உள்ள நான், பொண்டாட்டி, ஒன்பது நாள் சாப்பாடு. ப்ரெக்மோ ஊர்ல சார்ஜ் போட்டுக் கிளம்பினா, மலை ஏறி இறங்கி மறுபடி ப்ரெக்மோவுக்கே வரணும். இருநூத்தி இருபது. நடுவுல நிக்கக் கூடாது."

விற்பனையாளன் திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கினான். அவன் முகம் மலர்ந்தது. "நடுவுல ஒரு பண்ணை முற்றத்துலயே சார்ஜர் இருக்கே. அந்த அம்மா சுடச்சுட வாஃபிள் போட்டுத் தர்றாங்களாம். நாலரை நட்சத்திரம்."

அந்த அம்மா ஹல்வாரின் மனைவி. அந்தச் சார்ஜரை ஹல்வார் ஆறு வருடத்துக்கு முன்னால் நட்டார். நாட்டின் மின்சார வாகனக் கொள்கை முழுவதும் தன் சக்கரத்தை நிறுத்துவதற்காகவே ஹல்வார் செய்த ஏற்பாடு என்பது டோர்கிரிமின் கருத்து. சாட்சியங்களும் வைத்திருந்தார். அவற்றை இங்கே விவரிக்க இடம் போதாது.

"அடுத்த மாடல காட்டு" என்றார்.

அவருடைய மனைவி சோல்வி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். சின்னதை வாங்கி, மிச்சக் காசில் குளியலறைத் தரைக்குச் சூடேற்றி போடலாம் என்பது அவளுடைய கட்சி. இரண்டு மாதம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை விட அதிகமாகப் பரிமாறப்பட்டது கிலோவாட்தான்.

"முந்நூத்தி அறுபது நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர, அஞ்சு நாள் உங்க அண்ணன தாண்டிப் போக, அரை டன் பேட்டரியா?"

"மலைப்பாதை, சோல்வி. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு."

"கோவத்த கிலோவாட்ல அளந்து வாங்கின ஒரே ஆள் இந்த நாட்டுல நீதான். எனக்குக் கால் சில்லுன்னு இருக்கு டோர்கிரிம். அதுக்கு ஏதாவது மாடல் இருக்கா?"

அவர் கட்டம் போட்ட தாளில் கணக்குப் போட்டார். விளம்பரத்தில் அறுநூற்று இருபது. குளிருக்குப் பாதி போனாலும் முந்நூற்றுப் பத்து. இருநூற்று இருபது போக மிச்சம் தொண்ணூறு. அந்தத் தொண்ணூறும் தன்மானத்துக்கு. வாங்கிவிட்டார். வெள்ளை நிறத்தில், படகு அளவுக்கு ஒன்று.

ஈஸ்டருக்குக் கிளம்பினார்கள். ப்ரெக்மோவில் நூறு சதவீதம் ஏற்றினார். சூடேற்றியை அணைத்துவிட்டார். சோல்வி குளிர்கோட்டும் கம்பளிப் போர்வையுமாக, சுற்றிக் கட்டிய மீன் பொட்டலம் போல உட்கார்ந்து வந்தாள். பண்ணை முற்றத்தைக் கடக்கும்போது திரையில் எழுபது இருந்தது. டோர்கிரிம் வேகத்தைக் குறைத்து, நிற்காமல், ஹல்வாரின் ஜன்னலுக்கு நேராக வண்டியை ஊர்வலம் விட்டார். மேலே குடிலைத் தொட்டபோது அறுபத்திரண்டு.

இனி நடந்ததற்கு சோல்வியைக் குறை சொல்வது நியாயம் அல்ல. காரின் கையேட்டை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். இந்த வண்டியிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கலாம் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தது. இருபது மீட்டர் வயர் ஒன்றை அவள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"காப்பிக்கு மட்டும்தான்" என்றாள் முதல் நாள்.

இரண்டாம் நாள் ஒரு விளக்கு. ஈஸ்டர் விடுமுறையில் இந்த நாட்டில் எல்லோரையும் போல டோர்கிரிமும் கொலைக்கதை படிப்பவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் துப்பறிந்து துப்பறிந்து கண் பூத்துப்போனவர். அவர் விளக்கை ஆட்சேபிக்கவில்லை. மூன்றாம் நாள் காலடியில் ஒரு சின்ன ஹீட்டர் வந்தது.

"அது எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

நாலாம் நாள் அவரே தன் காலை ஹீட்டர் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். கொலையாளி யார் என்று தெரிய இன்னும் நூற்றைம்பது பக்கம் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை காரைக் கிளப்பினால், திரை பன்னிரண்டு என்றது.

"பன்னெண்டு கிலோமீட்டரா?" என்றாள் சோல்வி.

"சதவீதம்."

"பரவால்லயே" என்றாள் அவள், கால் நல்ல கதகதப்பில் இருந்த திருப்தியோடு.

பண்ணை வரை இருபத்தாறு கிலோமீட்டரும் இறக்கம். அதற்கப்புறம் ப்ரெக்மோவுக்கு எண்பத்து நாலு. டோர்கிரிம் வழி முழுக்கக் கணக்குப் போட்டார். கணக்கு ஒருமுறையும் மனம் மாறவில்லை. முற்றம் வந்தது. சக்கரம் நின்றது.

விடுமுறை முடிந்து ஊரே இறங்கிக்கொண்டிருந்த திங்கட்கிழமை. இரண்டு சார்ஜரில் ஒன்றின்மேல் பழுது என்பதற்கு அடையாளமாகப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. சோல்வி வாஃபிள் வாசனை வந்த பக்கம் போய்விட்டாள். டோர்கிரிம் வயரைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்து நேராகப் பார்த்தார். திரையில் நாற்பது சதவீதம் வந்தால் போதும், முக்கால் மணி நேரம். திரும்பாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

ஜன்னலில் தட்டும் சத்தம். ஹல்வார்.

கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.

"நின்னுடுச்சு" என்றார் ஹல்வார்.

"தெரியுது."

"பெரிய வண்டிதான். சின்ன வண்டிக்காரன்லாம் இருபது நிமிஷத்துல ஏத்திட்டு ஓடிடுறான். இது தொட்டி மாதிரி, ஊத்த ஊத்தக் குடிக்குது."

"உன் சார்ஜர் மூக்கு ஒழுகுற மாதிரி ஒழுகுது. வேகமே இல்ல."

"சரி சரி, நாப்பது வந்ததும் கிளம்பு. உன் கணக்கு அவ்வளவுதானே. அப்பா கிட்டயும் இப்படித்தான், தேவைக்கு மட்டும் வந்து நிப்ப."

டோர்கிரிம் கிளம்பத்தான் இருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் சீட்டோடு சேர்த்து அவரைத் தைத்துவிட்டது. நாற்பது வந்தது, போனது. அறுபது வந்தது. பின்னால் ஆறு வண்டிகள் சேர்ந்தன. ஹார்ன் அடிக்கிற ஜனம் அல்ல. என்ஜின் இல்லாத அமைதியில் அவரவர் வண்டிக்குள் இருந்தபடி வெறித்தார்கள்.

எண்பது. எண்பதில் வயரைப் பிடுங்கி இடம் விடுவது சட்டம் அல்ல. ஆனால் அதை மீறியவனுக்கு இந்த நாட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"எண்பது" என்றார் ஹல்வார். அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"நூறு வரைக்கும்."

"கடைசி இருபதுக்கு இன்னும் ஒரு மணி நேரமாகும்டா."

"எனக்குக் காத்து நல்லா வருது."

அடுத்த வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஆஸ்லோக்காரர், நல்ல தொப்பி. "மன்னிக்கணும், எண்பதுக்கு மேல ஏத்துறது அவ்வளவு மரியாதையா இருக்காதுன்னு..." என்று இழுத்தார்.

ஹல்வார் மெதுவாகத் திரும்பினார். "அவன் என் தம்பி. எங்க அப்பன் முற்றம். எங்க சண்டை. உங்களுக்கு அவசரம்னா ப்ரெக்மோ வரைக்கும் தள்ளிட்டுப் போங்க." பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "நூறு வந்ததும் தொலைஞ்சு போயிடணும்" என்றார்.

"உன் ஆடு வழியில படுக்காம இருந்தா போவேன்."

"அது செத்து பதினாலு வருஷமாச்சு."

"உன்ன மாதிரியே பிடிவாதம் பிடிச்ச ஆடு."

"நீ ஏழு சுத்து சுத்தினதுல தல சுத்தித்தான் போச்சு அது."

பத்தொன்பது வருடத்துப் பாக்கியை இரண்டு பேரும் அப்படியே, ஒரு நல்ல வார்த்தை கலக்காமல், பேசித் தீர்க்க ஆரம்பித்தார்கள். திரையில் நூறு வந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்லோக்காரர் பார்த்துவிட்டார். சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.