லெட்சுமி அக்கா வீட்டு முகப்பு

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டுச் சுவரை உடைத்தேன். வீட்டை யாரும் உடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

லெட்சுமி அக்கா வீடு அது. அவர் மாமனார் ரயில்வேயில் இருந்தபோது கட்டிய பலகை வீடு. ரோட்டை அகலமாக்க இடிக்கப் போகிறார்களாம். பழைய மர வீடு என்று பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் தொட மாட்டார்களாம். அக்கா விண்ணப்பப் பாரம் நிரப்பிப் போட்டார். பார்க்க ஓர் அதிகாரி வந்தார். சின்னப் பெண்.

வீட்டைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார்.

“ஆன்டி, பலகை வீடுன்னு எழுதியிருக்கீங்க. இது கல்லு வீடு லா!”

அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மகனுக்குப் பெண் பேசியபோது, செராஸிலிருந்து சம்பந்தி வருவதற்குள் முன்பக்கத்தைக் கல்வீடாக்கச் சொன்னது அக்கா. பலகைமேல் கம்பி வலை அடித்து, சிமெண்ட் பூசி, செங்கல் மாதிரி கோடு இழுத்த கொத்தனார் நான். பலகை வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கல்வீட்டுக்குக் கொடுத்தார்கள். கல்யாணமானதும் மகன் செராஸுக்கே குடிபோய்விட்டான். சிமெண்ட் மட்டும் அக்காவை விட்டுப் போகவில்லை… நன்றியுள்ள சிமெண்ட்.

“பெரிய ஆளுங்க யாராச்சும் இங்க தங்கியிருக்காங்களா ஆன்டி?”

“ரயில்வேக்கு வேலைக்கு வந்தவன் பாதிப் பேரு மொத மாசம் இங்கதான் படுத்தான். ஒருத்தனும் பெரிய ஆளு ஆகல.”

அதிகாரியின் பேனா நகரவில்லை.

“இத விட்டா எனக்குப் போக்கிடம் இல்லம்மா,” என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார்.

உளியை எடுத்தேன். ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலம் பெயர்த்தேன். பலகை தெரிந்தது. கறையான்கூட அரிக்கவில்லை. அந்தப் பெண் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்.

முந்தாநாள் கடிதம் வந்தது. வீடு தப்பித்தது.

அக்கா அழுதார். அழுது முடித்ததும் பெருமை வந்துவிட்டது.

“தம்பி, சிமெண்ட பூரா பேத்துப் போடு. நம்மளது பலகை வீடுன்னு நாலு பேரு பாக்கட்டும்!”

இத்தனை வருஷம் மறைத்து வைத்தது யாராம்? சுத்தியலோடு போய் நின்றேன். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“அங்கிள், சுத்தியல கீழ வைங்க! லிஸ்ட்ல ஏறிட்டா ஒரு ஆணியகூட புடுங்கக்கூடாது. அந்த சிமெண்டும் இப்ப வீட்டோட சரித்திரம்தான்.”

வைத்துவிட்டேன்.

சம்பந்தி வரும் அவசரத்தில் அன்று நான் ஒரு கோட்டைக்கூட நேராக இழுக்கவில்லை. இனி அதை நேராக்கினால் சட்டப்படி குற்றம்.