தீயணைப்பு உருளை தொங்கிய இடம்

யுத்தம் முடிந்து நான்காவது வருடம், இரண்டாம் தவணைப் பரீட்சைக்குப் பிறகு, எங்கள் பாடசாலையிலிருந்து யுத்த வரலாற்று நூதனசாலை ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா போனோம். தேதி என்னிடம் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. வெள்ளிக்கிழமை அல்ல என்பது மட்டும் நிச்சயம். ஜும்ஆத் தொழுகையை விட்டுவிட்டு, எங்களைக் கூட்டிப்போன விஞ்ஞான சேர் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

நான் ஏழாம் வகுப்பு. எங்களுக்கு வரலாறு படிப்பித்தது என் உம்மா. பாடசாலை வாசலைத் தாண்டினால் நானும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

உம்மாவின் குடும்பம் 1990 ஒக்டோபரில், வடக்கின் மற்ற முஸ்லிம்களைப் போலவே, புலிகளால் வெளியேற்றப்பட்டு மன்னாரிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. நான் பிறந்தது இங்கே, கற்பிட்டிப் பக்கத்துக் குடியேற்றத்தில். ஆனாலும் அந்த வள்ளத்திலிருந்து நானே இறங்கியது போலத்தான் கதைப்பேன். பஸ்ஸிலும் அதைத்தான் செய்தேன்.

"பாரு, நூதனசாலையில எங்கட கதை இருக்கும். நாங்க சரித்திரத்தில வந்த ஆக்கள்."

பக்கத்தில் இருந்த ஸப்ரா உள்ளூர்க்காரி. அவளுடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கற்பிட்டியில் மீன் பிடிப்பது.

"எங்கட கிணத்தடியையும் நிரப்பி, பள்ளிக்கூடத்தையும் நிரப்பி, இப்ப நூதனசாலையையும் நிரப்பப் போறீங்களா?" என்றாள். "சரி புள்ள, பந்தயம். நீங்க அங்க இல்லாட்டி திரும்பி வாறப்ப யன்னல் சீட் எனக்கு. அதோட இனி நாங்க, நாங்க என்டு பெரிசாக் கதைக்கவும் கூடாது."

"ஓம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

நீண்ட சுவர் ஒன்றில் ஆண்டுகளைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் மற்ற எதையும் பாராமல் 1990க்கு ஓடினேன். முகாம்களின் படங்கள் இருந்தன, சண்டைகளின் விவரம் இருந்தது. ஒரு முறை வாசித்தேன். சிங்களத்திலாவது இருக்குமோ என்று அதையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அடுத்த ஆண்டு தொடங்குவதற்கு முன் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர். அதில் சிவப்பு நிறத் தீயணைப்பு உருளை ஒன்று தொங்கியது.

ஸப்ரா குனிந்து, அருகே நின்ற பீரங்கியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ள ஒளிச்சிருக்கிறாங்களோ உங்கட ஆக்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுச் சட்டத்தை மறந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "உம்மா! நாங்க இதில இல்ல!"

உம்மா வந்தார். சுவரை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு, எங்கள் வகுப்பறைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போலவே, அந்த வெறும் சுவரில் முதுகு படாமல் நிமிர்ந்து நின்றார்.

"எல்லாரும் கிட்ட வாங்க. இந்த இடத்தில எழுத வேண்டியத நான் சொல்றன். அப்ப எனக்கு உங்கட வயசுதான்."

ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தல், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தன் வாப்பா தடுமாறியது, வள்ளத்தில் சின்னப் பிள்ளைகள் சத்தி எடுத்தது எல்லாவற்றையும் பாடம் எடுக்கும் குரலிலேயே வரிசையாகச் சொன்னார். வீட்டில் ஒரு நாளும் அவர் இவ்வளவு சொன்னதில்லை. வழிகாட்டியாக வந்த இளம் இராணுவ வீரர் என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். உம்மாவும் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். வீரர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"விடியக் கரை தெரிஞ்சது. கரை முழுக்க ஆக்கள். விரட்டத்தான் நிக்கிறாங்க என்டு நாங்க பயந்திட்டம். கிட்ட வந்து பாத்தா, பெரிய கிடாரத்தில சோறு..."

அந்த இடத்தில் உம்மாவின் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குள் யாரையோ தேடினார்.

"ஸப்ரா, இங்க வா மகள். என்ட கையில முதல் சோத்துப் பீங்கானத் தந்தது உங்கட மூத்தாப்பாதான்."

தன் பாட்டனாரைப் பற்றிய அந்த விஷயம் ஸப்ராவுக்கும் தெரிந்திருக்கவில்லை. பீரங்கிப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தாள். உம்மா என்னையும் அவளையும் அந்த இடைவெளியில் நிறுத்தினார். இராணுவ வீரர், யாரும் கேட்காமலே, தீயணைப்பு உருளையைக் கழற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டார். விஞ்ஞான சேர் படம் எடுத்தார்.

திரும்பும்போது யன்னல் சீட்டில் நான்தான் இருந்தேன். சுவரில் நாங்கள் நின்றோமே, படமும் இருக்கிறதே என்று வாதாடினேன். ஸப்ரா எதிர்த்துப் பேசவே இல்லை. அவள் தோற்றுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்று புத்தளம் வரும் வரை எனக்கிருந்த பெருமை, பின்னர் நான் வாங்கிய எந்தப் பரிசிலும் வந்ததில்லை.

அந்தப் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. உம்மா நடுவில், பாடசாலை அதிபரைப் போல. நான் தாடையை உயர்த்திக்கொண்டு, ஸப்ராவின் தோள் படாதபடி தள்ளி நிற்கிறேன். எதையும் இழக்காத இவளை எங்கள் இடத்துக்குள் ஏன் கூப்பிட்டார் என்ற கோபம் முகத்திலேயே தெரிகிறது. சாவியைச் சொல்லும்போது, கடலைச் சொல்லும்போது, ஊரை விட்ட கணத்தைச் சொல்லும்போது எங்குமே தடுமாறாத உம்மாவின் குரல், சோறு என்ற இடத்தில் மட்டும் ஏன் நின்றது என்று படத்தில் நிற்கும் அன்றைய எனக்கு விளங்கவில்லை. பசிதான் காரணம் என்று நினைத்து, பஸ்ஸில் என்னுடைய பாணில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.