அம்மா வெட்டிய சட்டைகள்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அதனுடன் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய துணி ஒன்றும் கிடைத்திருக்கும். துண்டுத் துணிகளை ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் போட்டது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். பூசையறையில் வைத்து அழவும் வேண்டாம். அது அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி. அதற்காகவே அம்மா அதைத் தைத்தார். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அதை ஏன் உங்களுக்குத் தருகிறோம் என்று சொல்லிவிட்டால், அம்மாவின் வாழ்க்கையில் பாதியைச் சொன்னதாகும். மீதிப் பாதி அவருடைய சமையல். அதை நீங்கள் சாப்பிட்டே அறிவீர்கள்.

அம்மா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தார். தமிழ் எழுதப் படிக்க வந்ததும் அவருடைய படிப்பு முடிந்துவிட்டதாக வீட்டில் முடிவு செய்தார்கள். மலாக்கா பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவை மணமுடித்து, காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார்.

பக்கத்து வீட்டில், மலாக்காவில் பல தலைமுறைகளாக வாழ்ந்து மலாய் பேசும் செட்டிச் சமூகத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் பீபி என்று அழைப்போம். நெற்றியில் திருநீறு, வீட்டில் பிள்ளையார் படம், பேச்செல்லாம் மலாய். தமிழ் தெரியாத இந்துவை அம்மா அதற்குமுன் பார்த்ததில்லை. சமையலறை வாசலில் அம்மாவிடம் ஒரு கிண்ணம் மிளகாய்த்தூள் கேட்டு வந்தவர், போகும்போது ஒரு சின்ன மெத்தையைக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சாரோங், பழைய கெபாயா மேல்சட்டை எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டி ஒட்டித் தைத்தது. அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் திருப்பித் தைத்துத் தர முடியாமல் பீபியிடமே கொண்டுபோய் நின்றார். அப்படித்தான் கற்றுக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தவை கொஞ்சம் மலாயும் இரண்டு ஊசிகளும்தான். பஞ்சுக்குக் குறைவில்லை. பீபி வீட்டின் பின்னால் ஓர் இலவமரம் இருந்தது.

அம்மா பெரிய போர்வை எதுவும் தைத்ததில்லை. பிடிதுணி, நாற்காலிக்குச் சின்ன மெத்தை, குத்துவிளக்குக்குக் கீழே விரிக்கும் வட்டத் துணி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசலில் தொங்கவிடும் துணித் தோரணம், இவ்வளவுதான். மலாக்காவில் மாவிலைக்குப் பஞ்சமா என்று அப்பா கேட்பார். மாவிலை வாடிவிடும் என்பார் அம்மா.

பிறகு ஜப்பான் காலம் வந்தது. அரிசி மறைந்தது, அதற்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி மறைந்தது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. அப்பா வேலை செய்த கடை மூடப்பட்டது. ஒருநாள் சயாமில் ரயில் பாதை போடும் இடத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். அரசாங்க அலுவலகத்திலேயே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவள் நான். வாயால் சொல்லப்படும் மூன்று மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டாவது கேட்டு வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா போன பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் பள்ளிக்குப் போகும் வயது, தம்பி தவழும் வயது. அடுத்த ஆண்டு தீபாவளி நெருங்கும்போது, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் பத்து பெரெண்டாமில் இருந்த பெரியப்பாவைத் தேடி வந்தார். பெரியப்பா அப்பாவின் அண்ணன். வந்தவர் இருந்த முகாமில் வாந்திபேதி கண்டு பலர் இறந்தார்களாம். மலாக்கா கிராணி ஒருவரை எரித்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம். பெயர் தெரியாது. ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார் என்றார். அந்தக் காலத்தில் மலாக்காவில் எந்தக் கிராணி பருமனாக இருந்தார் என்று எனக்கு நினைவில்லை.

பெரியப்பா கெட்டவர் அல்லர். முறை தெரிந்தவர். முறை தெரிந்தவர்களால் ஒரு குடும்பத்துக்கு நேரும் தொல்லையைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. நானும் அந்த வகை. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரித்துக் கருமம் முடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

“தீபாவளிக்கு முன்னாடி முடிச்சிடணும்மா. அவன் அங்க காட்டுல பசியோட அலையறான்.”

“யாரு பாத்தா, மாமா?”

“அதான் பாத்துட்டு வந்தவன் சொன்னானே.”

“கண்ணாடி போட்டவரப் பாத்தேன்னாரு. உங்க தம்பியப் பாத்தேன்னு சொல்லலையே.”

“பிடிவாதம் பிடிக்காதே. சாவு விழுந்த வீட்டுல தீபாவளி கிடையாது. ஒரு வருசத்துக்கு ஒண்ணும் கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும், மாமா.”

கருமம் முடிந்தால் அம்மாவின் கழுத்தில் தாலி இருக்காது. நெற்றியில் குங்குமம் இருக்காது. காஜா பேராங் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெரியப்பா வீட்டுப் பின்பக்க அறையில் நாங்கள் மூவரும் ஒண்ட வேண்டும். அதன் பிறகு அப்பா திரும்பி வந்தால் அதற்கும் முறை இருக்கிறது. கருமம் செய்யப்பட்டவர் உயிரோடு வந்தால், அவரைப் புதிதாகப் பிறந்த பிள்ளையாகக் கருதிப் பெயர் சூட்டுவதிலிருந்து எல்லாச் சடங்கையும் மறுபடி செய்து, மனைவியையே மறுபடி மணம் முடித்துவைக்க வேண்டுமாம். பெரியப்பா அதையும் சொன்னார், ஆறுதலாக.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்தவரின் துணியை நல்ல காரியத்துக்கு எடுப்பதில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவோம், அல்லது தண்ணீரில் விட்டுவிடுவோம். உயிரோடு இருப்பவரின் பழைய துணி என்றால் எதற்கும் எடுக்கலாம்.

பெரியப்பா போன மறுநாள் மதியம் அம்மா அப்பாவின் பெட்டியை இறக்கினார். நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து மடியில் விரித்தார். பீபி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா கத்தரிக்கோலைத் திறந்து துணியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தம்பி அழுதபோதும் எழுந்திருக்கவில்லை.

“லு தாக்குட் கா?” என்றார் பீபி. பயமா என்று அர்த்தம்.

அம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அப்பா உண்மையிலேயே இறந்திருந்தால் அம்மா செய்யப்போவது பெரிய தப்பு. பீபி சட்டையின் மறுமுனையை இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அம்மா வெட்டினார். கால்சட்டைக்குள் செருகியிருக்கும் கீழ்ப்பகுதியைத்தான் முதலில் வெட்டினார். அங்கே வெட்டினால் போட்டுக்கொள்ளும்போது வெளியே தெரியாது.

நான்கைந்து நாள் கழித்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும் சடங்கு செய்பவரோடு வந்தார்கள், நாள் குறிக்க. வாசலில் தோரணம் தொங்கியது. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையைத் தடவினார். பிறகு தான் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையைக் குனிந்து பார்த்தார்.

“இது தம்பி சட்டை இல்ல?”

“ஆமா, மாமா.”

“தீபாவளிக்கா தெச்சிருக்கே?”

“ஆமா. வாசல்ல இருக்கறதும் அதான்.”

“செத்தவன் துணியத் தோரணம் கட்டுவாங்களா?”

“கட்டமாட்டாங்க, மாமா. அதனாலதான் கட்டியிருக்கேன்.”

பெரியப்பா எழுந்துகொண்டார். உட்கார்ந்தால் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகும். எழுந்தால் தீபாவளி மெத்தையை அவமதித்ததாகும். முறை தெரிந்த மனிதருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. சடங்கு செய்பவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மங்கலத் துணி ஏறிய வீட்டில் கருமத்துக்கு நாள் பார்ப்பது சரியில்லை, பண்டிகை போகட்டும் என்றார்.

போகும்போது பெரியம்மாதான் கேட்டார். “எல்லாத்தையும் வெட்டித் தள்ளு. நாளைக்கு உன் புருசன் வந்து நின்னா எதக் கட்டிக்குவாரு?”

“வந்து நிக்கட்டும் அக்கா, பாத்துக்கலாம்.”

அந்தத் தீபாவளியில் செம்பனை எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மரவள்ளிமாவில் பலகாரம் செய்தோம். அது பலகாரம் என்று அம்மா சொன்னதால் நம்பினோம். புதுத்துணிக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்ன மெத்தை, மூலையில் மஞ்சள் தடவி.

ஆனால் பண்டிகை போனால் அடுத்த பண்டிகை வரும். பெரியப்பாவும் வருவார். பொங்கலுக்கு நீலச் சட்டையின் மீதி போயிற்று. சித்திரைக்கு வெள்ளைச் சட்டைகளை மஞ்சளில் நனைத்து வெட்டினார். ஆடிப்பெருக்குக்குக்கூடத் தோரணம் கட்டினார். அது எங்கள் வீட்டில் அதுவரை தோரணம் கட்டும் நாளே அல்ல. மறு தீபாவளிக்குக் கட்டம் போட்ட கைலிகள் போயின. அம்மா தைத்துக் கொடுத்த பிடிதுணிகளாகச் சந்திலிருந்த எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் அப்பா தொங்கினார். எங்கள் வீட்டுப் பெட்டியில் கடைசியாகக் கல்யாண வேட்டி மட்டும் இருந்தது. அடுத்த பண்டிகை வந்தபோது பெரியப்பா வாசலில் நின்று, “இனிமே எதம்மா வெட்டுவே?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது. அம்மா அன்று மாலை வேட்டியை எடுத்து, கரையை விட்டுவிட்டு, நடுவில் வெட்டினார்.

சண்டை முடிந்ததாகச் சொன்னார்கள். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. சில மாதம் கழித்து ஒரு முற்பகலில், சாக்கை இடுப்பில் சுற்றிய ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து நான் உள்ளே போய்ச் சொன்னேன். அம்மா வெளியே வந்து பார்த்தார். ஓடவுமில்லை, கத்தவுமில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “கிணத்தடில தண்ணி இருக்கு. குளிச்சிட்டு வாங்க” என்றார். அவர் கிணற்றடிக்குப் போன பிறகுதான் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

“இந்தாம்மா, என் கைலி எங்க?”

“அடுப்புல சட்டி பிடிக்குது.”

“சட்டை?”

“நாற்காலியில இருக்கு.”

“சரி, எதயாச்சும் குடு” என்றார் அப்பா.

அன்று முழுவதும் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்துப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்த அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மாவும் பீபியும் தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, ஒரு சட்டை தைத்தார்கள். முதுகில் நீலக் கோடு, முன்பக்கம் மஞ்சள், ஒரு தோளில் சட்டி சுட்ட கறுப்பு வட்டம். அதைப் போட்டுக்கொண்டு அப்பா ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தார். பெரியப்பா கூடவே கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அவரே முந்திக்கொண்டு, “இது நான் உக்காந்த சட்டை” என்று சொல்லி அழுதார்.

பின்னாளில் துணிக்குப் பஞ்சமில்லை. ஜாலான் பெண்டஹாராவில் கடை கடையாகத் தொங்கியது. அம்மா சின்ன மெத்தைக்கென்று ஒரு முழம்கூட வாங்கியதில்லை. வீட்டிலுள்ளவர்கள் உடுத்திக் கிழிந்ததைத்தான் வெட்டுவார். மருமகள்கள் புதுத்துணி வாங்கிக் கொடுத்தால் அதை எங்களிடமே உடுத்தக் கொடுத்து, கிழியும்வரை காத்திருப்பார். அப்பா காலமானபோது அவருடைய சட்டைகளையெல்லாம் துவைத்து, மடித்து, பதினாறாம் நாளுக்குள் பிறருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு முனையைக்கூட வெட்டவில்லை. முறை அம்மாவுக்கும் தெரியும்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, கை நடுங்கத் தொடங்கியபின், அம்மா தன் சேலைகளைக் கட்டிலில் பரப்பச் சொன்னார். வெட்ட ஆரம்பித்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். மாதக்கணக்கில் நடந்தது. இரண்டு சேலை மட்டும் மிஞ்சியபோது நான் பெரியம்மாவின் கேள்வியைக் கேட்டேன்.

“எல்லாத்தையும் வெட்டிட்டா நீங்க எதம்மா கட்டிக்குவீங்க?”

“இந்த ரெண்டு போதும். அப்புறம்தான் நீங்க கோடி போடுவீங்களே” என்றார் அம்மா, தலை நிமிராமல்.

கோடி போட்டோம். மாம்பழ நிறம், அவருக்குப் பிடித்தது. மீதி இரண்டு சேலைகளையும் முறைப்படி கொடுத்துவிட்டோம்.

அம்மாவின் கடைசி நாட்களில் துணைநின்ற மருத்துவமனைத் தாதியருக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த காஜா பேராங் அண்டைவீட்டாருக்கும், பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும், அம்மா முடிக்காமல் விட்ட ஓரங்களை உட்கார்ந்து தைத்துக்கொடுத்த பீபியின் பேத்திகளுக்கும் நானும் தம்பியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

துக்க ஆண்டு இன்றோடு முடிகிறது. வரும் தீபாவளி எங்கள் வீட்டில் உண்டு. உங்கள் கையிலிருக்கும் துணியை அன்று அடுப்படியில் வைக்கலாமா என்று உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். தாராளமாக வைக்கலாம். அது அம்மா உயிரோடு இருந்தபோது, அம்மாவே வெட்டியது.