ஃபிளக்ஸில் ஏறிய தாய்மாமன்

மத்தேயு சாருக்குப் பொய் சொல்ல வராது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் போதும், "அக்கா, இன்று உப்பு மிகுதியாயிருக்கிறது. ஆயினும் உண்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கடலூர் முதுநகரில் மாதா கோயில் பங்களாவுக்குப் பதினோரு வருஷமாக ஆக்கிப் போடுகிறவள் சவரியம்மாள். இதுவரை வந்துபோன சாமியார்கள் எல்லாரும் "அருமையா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டோரம் ஒதுக்கி வைத்தவர்கள். உப்பு என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுத் தட்டைக் காலி பண்ணிய முதல் ஆள் இந்தப் போலந்துப் பையன்தான். அவளுக்குக் கோபம் வந்தது. தட்டைக் கழுவும்போது கோபம் போய்விட்டது.

அவர் சாமியார் இல்லை, அங்கியும் கிடையாது. இரண்டு வருஷம் இருந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கட்டும் என்று சபை அனுப்பிவைத்த ஊழியர். வயது இருபத்துநாலு. 2007 ஜூனில் வந்து இறங்கினார். சொந்தப் பெயர் மத்தேயுஷ். கடைசியில் இருந்த அந்த 'ஷ்' முதல் ஞாயிற்றுக்கிழமையே உதிர்ந்துவிட்டது. தமிழை அவர் ஊரிலேயே ஒரு கன்னியாஸ்திரியிடம் பழைய செபப்புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டு வந்ததால், யாரிடம் பேசினாலும் மாதாவிடம் மன்றாடுகிற மாதிரியே இருக்கும். "ஐயா, என்னைப் பேருந்து நிலையத்தில் சேர்த்தருளும்" என்றால் ஆட்டோக்காரர்களுக்கு முதலில் கை ஓடாது.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தன் துணியைத் தானே துவைப்பார். தெருப்பக்கக் கொடியில்தான் காயப்போடுவார். துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள் நின்று ஜட்டியை எண்ணிவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கே சவரியம்மாள் கொடியை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினாள். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் சைக்கிளில் வீடு சந்திப்பு, சனிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் போய் விடுதிப் பையன்களோடு செபக்கூட்டம்.

வீடு சந்திப்பில்தான் வம்பு. ஒரு வீட்டு அம்மாள், "எங்கூட்டு மீன்கொழம்பு நல்லாருக்குதா சார், இல்ல சவரியம்மா வைக்கிறது நல்லாருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். மத்தேயு சார் யோசித்து, நியாயமாகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பம் இரண்டு வாரம் பூசைக்கு வரவில்லை. பங்குச்சாமியார் கூப்பிட்டு விசாரித்தார்.

"தம்பி, அப்பிடில்லாம் கேட்டா வாயில எதையாவது போட்டுக்குங்க" என்றாள் சவரியம்மாள். "முறுக்கு வெச்சிருப்பாங்கல்ல? மென்னுக்கிட்டே இருங்க. தின்னுக்கிட்டு இருக்கிற மனுசன்கிட்ட எவளும் பதில் கேக்கமாட்டா."

அதை அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறினார்.

வந்த வருஷமே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அதில் சவரியம்மாளின் மகள் அனுப்பிரியாவும் ஒருத்தி, பத்து வயது. பங்களாவின் பின்வராந்தாவில்தான் வகுப்பு. காய் நறுக்கிக்கொண்டே எல்லாம் காதில் விழும். பத்துக் கட்டளைகளில் பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனை வந்தபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, சொல்லுகிற பொய்யை அன்றன்றைக்கே எழுதச் சொன்னார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் என்பது அவர் எண்ணம். ஒரே வாரத்தில் நோட்டு பாதி தீர்ந்தது. தன் பொய் போதாமல் பிள்ளைகள் வீட்டிலிருக்கிறவர்கள் பொய்யையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். 'மாலதி அத்தை இட்லி மாவு கேட்டாங்க. அம்மா இல்லேன்னு சொன்னாங்க. ரெண்டு குண்டான் இருந்தது' என்று தன் மகள் கையெழுத்தில் படித்த சவரியம்மாள், அன்றைக்கு மாலதிக்கு ஒரு கிண்ணம் மாவு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதாயிற்று.

புதுநன்மை மே மாதக் கடைசி ஞாயிறு என்று கோயிலில் வாசித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு: கூடப்பிறந்த தம்பி வரவேண்டும்.

தம்பி ஞானசேகரன் அண்ணாமலை நகரில் விடுதிகளுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பேச்சுவார்த்தை நின்று ஏழு வருஷம். அனுப்பிரியாவுக்குக் காது குத்தியபோது பரீட்சை சமயம். கடையை விட்டுக் கிளம்ப அவனுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்தவேண்டும். சவரியம்மாளின் புருஷன் ராயப்பன் ஐஸ் கம்பெனிக்காரர். எதுவும் உருகிவிடுமோ என்று அவசரப்படுகிற ஆள். ஆசாரிக்கு நேரமாகிறது என்று தன் சித்தப்பா மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்திவிட்டார். சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்த ஞானசேகரன், காதில் ரத்தப்பொட்டோடு குழந்தையைப் பார்த்தான். தட்டுகளை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்தத் தடவையும் தாய்மாமன் இல்லாமல் பெண் நின்றால் ஊர் என்ன கேட்கும் என்பதைவிட, அவன் இல்லாமல் இருக்கும் என்பதே அவளுக்குத் தாங்கவில்லை. நேரே போய் அழைக்க ரோஷம் விடவில்லை. அதனால் ஒரு யோசனை பண்ணினாள். விசேஷத்துக்கு ஃபிளக்ஸ் கட்டத்தான் போகிறார்கள். அதில் தாய்மாமன் என்று போட்டு அவன் படத்தைப் பெரிதாக வைத்துவிட்டால், ஊரே பார்த்த பிறகு அவன் வராமல் இருக்கமுடியுமா? ஆனால் படம் வேண்டுமே. அவளிடம் இருப்பது அரும்பு மீசைப் படம்.

மத்தேயு சாரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது.

"சனிக்கெழம அங்கதான போறீங்க? அவனுக்குத் தெரியாம ஒரு ஃபோட்டோ எடுத்தாந்துடுங்க தம்பி. ரோட்டுக்கு இந்தாண்ட நின்னு எடுத்தாப் போதும்."

அவர் முகம் வெளிறியது. ஆனாலும் தலையாட்டினார். சாயங்காலம் திரும்பி வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"அக்கா, நான் அவரிடம் கூறிவிட்டேன்."

"இன்னான்னு?"

"உம்முடைய தமக்கை, உமக்குத் தெரியாமல் உம்மைப் படம் பிடிக்கச் சொன்னார் என்று."

சவரியம்மாள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"சவரம் செய்துகொண்டு வருகிறேன், அரைமணி பொறும் என்றார்."

கேமராவைக் காட்டினார். ஞானசேகரன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினில் சாய்ந்தபடி ஒன்று, பைக் மேல் ஒன்று, கடைசியில், கும்பிட்டபடி நிற்கிற மத்தேயு சாரின் தோளில் கைபோட்டபடி ஒன்று. தொப்பை விழுந்திருந்தது. அவள் அந்தத் தொப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரேன்னானா?"

"இல்லை. படத்தைப் போட்டுக்கொள்ளட்டும், நான் வரமாட்டேன் என்றார். வந்து சேருவதற்குள் வேறொருவனை என் இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள் என்றார்." பிறகு, விட்டுப்போனதும் பொய்யாகிவிடுமோ என்று பயந்தவர்போல, "அனுப்பிரியா எவ்வளவு உயரம் என்று கேட்டார். கையால் காட்டினேன்" என்றார்.

ஃபிளக்ஸ் கடை இளவரசுவுக்கு மூன்று படத்தையும் கொடுத்தனுப்பினாள். அவன் தொழில் சுத்தமானவன். ஒரு விசேஷத்துக்கு இருபத்தேழு தலைகள் வரை அடக்கிக் காட்டியிருக்கிறான். ஆளைப் பார்த்து அளவு வைப்பது அவன் பழக்கம். பெரிய மனுஷன் மாதிரித் தெரிகிற முகம் மேலே, மற்றதெல்லாம் கீழ்வரிசை. வியாழக்கிழமை அவள் பார்க்கப் போனபோது கரண்ட் இல்லை; பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டரில் படம் தயாராக இருந்தது. வலது மேல்மூலையில், அண்டா அளவு முகத்தோடு மத்தேயு சார் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தங்க எழுத்தில் 'தாய்மாமன்'. ஞானசேகரன் அடிவரிசையில் ஆறாவது ஆளாக, தபால்தலை அளவில், வெறும் கூலிங்கிளாஸாக இருந்தான்.

"டேய் இளவரசு, வெள்ளக்காரன் எப்பிட்றா எனக்குத் தம்பியாவான்?"

"தாய்மாமன் ஃபோட்டோன்னு நீங்கதானக்கா குடுத்தனுப்புனீங்க? ஒண்ணுல ரெண்டு பேரு இருந்தாங்க. பாக்கறதுக்குப் பெரிய ஆளா இருந்தவரைப் பெருசா போட்டேன்."

"அதுக்காக?"

"எத்தினியோ குடும்பத்துல எத்தினியோ இருக்கும்க்கா. நாங்க கேக்கறதில்ல. மாத்திடவா? கரண்டு வந்தா பிரிண்ட் போயிடும், இப்பவே சொல்லுங்க."

மாற்று என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அப்படியே நின்றாள். சரியாகப் போட்டால் ஞானசேகரன் என்ன செய்வான்? படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று யாராவது சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்டுச் சிதம்பரத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். "சிதம்பரம் பஸ்ஸு திரும்புற எடத்துல கட்டச் சொல்லு. ஜன்னல்ல உக்காந்து பாத்தாத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு மத்தேயு சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "அக்கா, இது உண்மையன்று."

"நான் பண்ணல தம்பி. இளவரசு பண்ணான். நான் போய்ப் பாத்தேன், மாத்தச் சொல்லல. அவ்ளோதான்."

அவர் அன்றைக்கு வெகுநேரம் கற்பனைகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாற்றச் சொல்லாததற்கு அதில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை. சவரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ரொம்பப் போய்விட்டோமோ என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. பந்தல்காரனே வரவில்லை. நைட்டியோடு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் முன்னால் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் இருபத்தொரு சீர்த்தட்டு, ஞானசேகரனின் மனைவி, கடைப் பையன்கள் இரண்டு பேர். முன்னாலிருந்து பட்டு வேட்டியில் ஞானசேகரன் இறங்கினான்.

"எங்க அந்தாளு?"

"யாருடா?"

"உன் கூடப்பொறந்தவன். போலந்துல பொறந்தானாமே."

"பூசைக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் கெடக்குதுடா. எதுக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"லேட்டா வந்தாதான் உங்கூட்டுல எடம் போயிடுமே."

அதற்குள் ராயப்பன் பல் விளக்காமலே ஓடிவந்து, "வாங்க மச்சான்" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாக அவர் சொல்ல நினைத்ததெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது.

வருகிற வழியிலேயே ஞானசேகரன் வேலையை முடித்திருந்தான் என்பது கோயிலுக்குப் போகும்போதுதான் தெரிந்தது. கடையில் தன் முகத்தைப் பெரிதாக நாலு தாளில் கலர் எடுத்து ஒட்டி, ஏணி வைத்து ஃபிளக்ஸில் மத்தேயு சார் முகத்தின் மேல் பதித்துவிட்டான். கழுத்துக்குக் கீழே இன்னும் மத்தேயு சார்தான். கறுத்த முகமும் வெள்ளைக் கைகளுமாகத் தாய்மாமன் ஊரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சீரில் வந்த வெள்ளைக் கவுன் ஒரு முழம் கூடுதல் நீளம். மத்தேயு சார் கையால் காட்டிய உயரம் அவர் ஊர்ப் பிள்ளைகளின் உயரம்போல. பதினாலு ஊக்கு குத்தி அதைத்தான் போட்டுக்கொண்டு அனுப்பிரியா நன்மை வாங்கினாள். பூசை முடிந்ததும் ஞானசேகரன் மாலை போட்டான். போட்டுவிட்டு, பெண்ணின் காதை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான்.

பந்தியில் மத்தேயு சார் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"சார், நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அன்னைக்கே பாத்தேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கக்கா இத வேணும்னேதான பண்ணா?"

சாம்பார் வாளியோடு வந்த சவரியம்மாள் நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து ராயப்பன் இலையில் சொட்டியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், குட்டியானை வாசலிலேயே நிற்கிறது.

மத்தேயு சார் ஞானசேகரனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இலையிலிருந்த லட்டை முழுசாக எடுத்து வாயில் போட்டார். கண் கலங்க மென்றார். அது முடிவதற்குள் பக்கத்து இலை லட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாப்புடுங்க, சாப்புடுங்க, அவசரமில்ல" என்று ஞானசேகரன் தண்ணீரை நகர்த்தி வைத்தான். பிறகு ஃபோட்டோ எடுக்கத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துபோனான்.

அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் அனுப்பிரியா கை தூக்கினாள். நோட்டில் அவளுக்கு இன்னும் இரண்டு பக்கம் மீதி இருந்தது.

"சார், ஒருத்தர் கேள்வி கேக்கும்போது பதில் சொல்லாம லட்டு தின்னா, அது பொய்யில வருமா?"

சவரியம்மாள் அடுக்களையிலிருந்து அவசரமாக வந்து ஒரு தட்டு முறுக்கை அவர் முன்னால் வைத்தாள். மத்தேயு சார் தட்டைப் பார்த்தார். மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"வரும். எழுதிக்கொள். என் பெயரிலேயே எழுது."

அனுப்பிரியா எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்த ஃபிளக்ஸ வேணும்னேதான மாத்தாம வுட்ட?"

சவரியம்மாள் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.