ஐந்தாவது ஆளுக்கு வாசல் இல்லை

பட்டாசுக் கம்பெனியில் எங்கள் ரூமுக்கு நாலு வாசல். திசைக்கு ஒன்று. உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து செலுத்துவோம். ஆளுக்கு ஒரு வாசல். வேலைக்குச் சேரும் அன்றே உன் வாசல் எது என்று காட்டிவிடுவார்கள். எனக்குத் தெற்கு. மருந்தில் பொறி தட்டினால் யோசிக்க நேரம் கிடையாது. உன் வாசலில் நீ போய்விட வேண்டும்.

ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதியே இருக்கும். முன்னெல்லாம் தீபாவளி சீசன் வந்தால் உள்ளே ஐந்து பேர், வெளியே அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு ஆறாவது ஆள் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது ஆள் எந்த வாசலில் போவாள்? யாராவது ஒருத்தியின் வாசலில். அப்போது ரெண்டு பேரும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ரெண்டு பேரும் போக மாட்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு. மிச்சப் படிப்பு சங்க ஆபீஸில் பேப்பர் பார்த்துப் படித்தது.

சிவப்புக் கொடி எங்கள் ஊருக்குப் பட்டாசுக்கு முந்தியே வந்துவிட்டது. அப்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் அடுத்தவர் மானாவாரிக் காட்டில் கூலி. என் அய்யாவும்தான். கூலி கூட்டிக் கேட்டார்கள். காட்டுக்காரர்கள் ஆள் விட்டுக் கொடிக்கம்பத்தை வெட்டினார்கள். மறுபடி பனங்கம்பில் நட்டார்கள். அதையும் வெட்டினார்கள். மறுபடி நட்டார்கள். வெட்டுகிறவனுக்குத்தான் கை வலித்தது. கூலி கூடியது. இப்போது இரும்புக் கம்பம் நிற்கிறது. அதை யாரும் வெட்டுவதில்லை. வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகளே அதில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள்.

அப்புறம் மழை ஏமாற்றியது. காடு கருவேலமாகப் போனது. தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. விடியுமுன் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேன் வரும். காட்டுக்குப் போன சனம் வேனில் ஏறியது. கொடியும் கூடவே வந்தது.

சங்கத்துக்கு ஒரு தோழர் வருவார். வயதில் எங்களுக்கு மூத்தவர். அவரைத் தோழர் என்று கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். என் ரூமில் மேற்கு வாசலில் உட்காருகிறவள் எனக்கு நாத்தனார் முறை. என்னை மதினி என்பாள். வாய்த் துடுக்கு. அவள்தான் கேட்டாள்.

“தோழர்னா மொறையில எங்களுக்கு என்ன வேணும்?”

“எல்லாரும் ஒண்ணுங்கிற மொறை.”

“அப்படின்னா கேலி பேசலாமா?”

அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தோழரண்ணன்.

சாமி கும்பிடலாமா என்றும் அவள் கேட்டாள். “ஏன் கேக்க? நானே போன வாரம் வீட்டுக்காரியோட இருக்கன்குடி போயிட்டு வந்தேன். மொட்டையப் பாக்கலையா?” என்று துண்டை எடுத்துக் காட்டினார். “நான் சொட்டைன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

அவர் ரஷ்யாவைப் பற்றிச் சொல்வார். ரொட்டி கேட்டு மில்லுப் பொம்பளைகள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள், அதில்தான் ராஜா போனான் என்பார். எங்களுக்கு ரொட்டி என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது. அதற்காகவா ராஜாவை இறக்கினார்கள் என்று சிரித்தோம். ஆனால் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது மட்டும் எனக்குள் நின்றது. அதில் புரியாதது ஒன்றும் இல்லை.

ஒரு சீசனில் பக்கத்து ஊர்க் கம்பெனி வெடித்தது. ரூமில் இருந்தவர்கள் நாலு பேருக்கு மேல். என் சித்தி மகள் அதில் போனாள். அவள் கிடந்தது வாசலுக்கு உள்ளே. பேப்பரில் உராய்வு என்று போட்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் போடுவான். உராய்வு தானாக வருமா? இடமில்லாமல் கையும் கையும் இடித்தால் வரும். அதைப் போட மாட்டான்.

துக்கம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வேப்பமர நிழலில் கூடினோம். அன்றைக்குத்தான் ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம். ஐந்தாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் நாலு பேரும் எழுந்துவிட வேண்டும். கையில் இருப்பதை அலுங்காமல் கீழே வைக்க வேண்டும். அவரவர் வாசலில் வெளியேறி, தண்ணீர்த் தொட்டியடியில் போய் உட்கார வேண்டும். ஓடக் கூடாது. பட்டாசுக் கம்பெனியில் ஒருத்தி ஓடினால் தீ என்று நினைத்து எல்லாரும் ஓடுவார்கள். நடக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. பேசக் கூடாது. யார் முதலில் வாய் திறக்கிறாளோ அவள்தான் தலைவி என்று மறுநாள் வேனில் ஏற்ற மாட்டார்கள். யாருமே பேசாவிட்டால் யாரை நிறுத்துவது?

தோழரண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “ஒரு கோஷம்கூட வேணாமா?”

“வேணாம்ண்ணே.”

“மெதுவா?”

“மெதுவாவும் வேணாம்.”

பிறகு யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

எங்கள் கம்பெனியில் ரெண்டு தடவை எழுந்தோம். ரெண்டு தடவையும் ஐந்தாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளில் எப்படியோ, எங்கள் கம்பெனியில் ரூமுக்கு நாலு பேர்தான். அதை நாங்கள் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். யாரும் தரவில்லை.

இப்போது சொல்லப் போவது ஒரு நாலைந்து வருசத்துக்கு முந்தி நடந்தது. என் மகள் வேலை பார்த்த கம்பெனிக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள். சீசன் நேரம். மருமகன் லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தான். அந்த வீடு அவள் கையில்தான் இருந்தது. நான் எங்கள் போர்மேனிடம், என் மகளுக்கு ஒரு இடம் இருந்தால் பாரு தம்பி என்று சொல்லி வைத்திருந்தேன். பார்க்கிறேன் யக்கா என்றான். கெட்டவன் இல்லை. கம்பெனிக்காரன் சொல்வதைச் செய்கிறவன்.

ஒரு காலையில் வேனில் என் மகளும் ஏறினாள். எனக்கே தெரியாது. “போர்மேன் போன் போட்டாரும்மா” என்றாள். முகம் தெளிவாக இருந்தது. அவளைப் போல இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். எல்லாரும் சீல் வைத்த கம்பெனிப் பெண்கள். கம்பெனியில் இறங்கியதும் அவர்களை ஷெட்டு நிழலில் நிறுத்தி வைத்தார்கள்.

நாங்கள் ரூமில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். போர்மேன் என் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தான்.

“யக்கா, நீங்க கேட்டீகள்ல. இந்தா கூட்டியாந்துட்டேன். தாயும் மகளும் ஒரே ரூம்ல இருங்க.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நடுவில்தான் இடம் இருந்தது. மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. என் ரூமில் ஐந்து பேர் இருந்தால் எல்லா ரூமிலும் ஐந்து பேர் இருப்பார்கள். அடுத்த வாரம் ஆறு. ஷெட்டு நிழலில் நிற்கிறவர்கள் அதற்குத்தான் நிற்கிறார்கள். நான் எழுந்தால் என் மகளுக்கு இந்தச் சீசன் வேலை இல்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மேற்கு வாசல்காரி சொன்னாள்.

“மகதான மதினி. கொஞ்சம் ஒண்டிக்கிருவோம். வெளிய யாருக்குத் தெரியும்?”

அவள் நல்ல மனசில்தான் சொன்னாள். நான் எழாவிட்டால் அவர்களும் எழ மாட்டார்கள் என்று தெரிந்தது.

மகளைப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருந்து செலுத்துகிற குழலைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்கு முன்னால் வடக்கு வாசல்காரியின் முதுகு. பின்னால் நான். எந்தப் பக்கமும் அவளுக்கு வாசல் இல்லை.

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். எழுந்தேன்.

“எங்கம்மா போற?”

பதில் சொல்லவில்லை. பேசக் கூடாது என்பதில் மகளுக்கு மட்டும் விலக்கு என்று நாங்கள் வைக்கவில்லை. தெற்கு வாசலில் இறங்கித் தொட்டியடிக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடி கேட்டது. மூன்று பேருடையது.

அடுத்த ரூம்களிலிருந்தும் இறங்கினார்கள். அங்கே இன்னும் ஐந்தாவது ஆள் போகவில்லை. எங்களைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள். தொட்டியைச் சுற்றிப் பெண்களாக உட்கார்ந்தோம்.

போர்மேன் ஓடி வந்தான். அவன் ஓடலாம் போல.

“யாரு சொல்லி எந்திரிச்சீக?”

யாரும் பேசவில்லை.

“வாயில என்ன மருந்தா செலுத்தி வச்சிருக்கீக?”

மேற்கு வாசல்காரி டம்ளரில் தண்ணீர் மோந்து குடித்தாள். அவளுக்குப் பேசாமல் இருப்பது பெரிய பாடு.

என்னிடம் வந்தான். “யக்கா, லாரி வந்து நிக்குது. ஆர்டர் போகணும். ஒங்க மகளுக்கு வேலை வேணுமா வேணாமா?”

நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

அப்போது என் மகள் ரூமைவிட்டு வெளியே வந்தாள். நான் போன வாசல் வழியாகத்தான் வந்தாள். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

“ஊருக்கெல்லாம் சங்கம் பேசுவ. என் வீட்ல அடுப்பு எரியிதா இல்லையான்னு உனக்குத் தெரியாதா? பெத்த மக வந்து உக்காந்ததும் எந்திரிச்சுப் போற. நீயெல்லாம் ஒரு தாயா?”

தண்ணீர்த் தொட்டியடியில் அத்தனை பேர் முன்னால் கேட்டாள். கேட்க அவளுக்கு நியாயம் இருந்தது. நான் பேசவில்லை.

“வாயத் தொறம்மா!”

கிழக்கு வாசல்காரி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தாள். உதறினாள். அந்தக் கோபத்தோடேயே போர்மேன் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணே, அந்தக் கடைசி ரூம் ஏன் பூட்டிக் கெடக்கு?”

“அதுல அட்டைப்பெட்டி வச்சிருக்கு.”

“அட்டைப்பெட்டிக்கு எதுக்கு நாலு வாசல்?”

அவன் அவளைப் பார்த்தான்.

“தொறந்து விடுங்க. நாங்க ஆள் நிக்கோம்ல. இவுக மடியில போய் ஏன் உக்காரணும்?”

“நீ ரொம்பப் பேசாத. வேலைய விட்டு நிறுத்திருவேன்.”

“இன்னும் சேக்கவே இல்லையே. எங்கன போயி நிறுத்துவீக?”

மேற்கு வாசல்காரிக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் மூக்கில் வந்தது. சிரிப்பு பேச்சில் சேராது என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். தொட்டியடி முழுக்கச் சிரித்தது.

எங்கள் வழக்கத்தில் நாங்கள் யோசிக்காத இடம் அது. பேசுகிறவளை வேலையை விட்டு நிறுத்தலாம். வேலையே இல்லாதவளை ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை நாளும் ஐந்தாவது ஆளைத் திருப்பி அனுப்பத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவளும் எங்கள் ஆள்தான் என்பது அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது.

போர்மேன் மேனேஜருக்குப் போன் போட்டான். தள்ளிப் போய்ப் பேசினான். லாரி டிரைவர் ஆரன் அடித்தான். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். வெயில் ஏறியது. கடைசியில் மேனேஜரே வந்து பூட்டைத் திறந்தார். அட்டைப்பெட்டியை எல்லாம் வெளியே அள்ளிப் போட்டார்கள். சுவரில் ரூமுக்கு நாலு பேர் என்று எழுதியது அப்படியே பளிச்சென்று இருந்தது. யாரும் சாய்ந்து அழியாத எழுத்து.

நாங்கள் எழுந்து அவரவர் வாசலில் உள்ளே போனோம். என் மகளும் ஷெட்டு நிழலில் நின்ற மூன்று பேரும் அந்த ரூமுக்குள் போனார்கள்.

மறுநாள் அந்த ரூமுக்கு மூன்று பேரைத்தான் கூப்பிட்டார்கள். என் மகளைக் கூப்பிடவில்லை. வாய் நீளம் என்று சொல்லிவிட்டான் போர்மேன். அந்த மூன்று பேரும் அப்போது எங்கள் சங்கம்கூட இல்லை. அவர்களே தொட்டியடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். போர்மேன் வந்து கேட்டான்.

“என்ன, வேலை பாக்கலையா?”

“ரூமுக்கு நாலு பேருன்னு போட்டிருக்கு தம்பி. நாங்க மூணு பேருதான இருக்கோம்.”

“நாலுக்கு மேலதான் கூடாது. கொறைய இருக்கலாம்.”

“எங்களுக்குப் படிப்பு கம்மி. நாலுன்னு எழுதியிருக்கு. நாலுன்னுதான் தெரியுது.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் வேனை ஊருக்கு அனுப்பினான். என் மகள் ஒருத்திக்காக வேன் போய் வந்தது.

தோழரண்ணனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் தொடையில் தட்டிச் சிரித்தார். புரட்சி அது இது என்று ஏதோ சொன்னார். பெரிய வார்த்தை எனக்கு வராது. ஆனால் ரஷ்யாவிலும் முதலில் யாரோ ஒருத்தி கையில் இருந்ததைக் கீழே வைத்திருப்பாள். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்திருப்பாள். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். வேறு மாதிரி நடக்காது.

என் மகள் என்னோடு பேசவில்லை. ஒரே வேனில்தான் போவோம். அவள் முன்னால் உட்காருவாள், நான் பின்னால். மத்தியானச் சோறும் தனித்தனி. நானும் போய்ப் பேசவில்லை. செய்தது சரி. சரியானதுக்கு மன்னிப்புக் கேட்டால் அவளும் நம்ப மாட்டாள்.

சீசன் முடிகிற நேரம், ஒரு நாள் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நான் பேசாம வீட்டுக்குப் போயிருந்தா?”

“போயிருப்ப.”

“நீ கூப்பிட்டிருக்க மாட்ட?”

“மாட்டேன்.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. மடியில் வைத்திருந்த சீனிச்சேவில் பாதியை என் கையில் கொட்டினாள். தின்றுகொண்டே வந்தோம்.

“உனக்கு எந்த வாசல்?” என்று கேட்டேன்.

“வடக்கு. பூட்டிக் கெடந்த ரூமுல்ல, கதவு மழைக்கு ஊதிப்போய் முழுசாத் தெறக்க மாட்டேன்னுச்சு. தச்சன வரச் சொல்லிச் சீவியாச்சு.”

“போர்மேன்ட்ட யாரு சொன்னது? நீயா?”

“நாலு பேரும் போய் நின்னோம்” என்றாள்.