ரெண்டுல எது நல்லா கேக்குது

கம்பி என்பது அவருக்குத் தொழிற்சாலையில் விழுந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பகலெல்லாம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின், மிச்ச நேரமெல்லாம் கிதார். மச்சான் பாட, ஒரு தபால்காரர் டிரம்ஸ் தட்ட, சின்னதாக ஒரு கச்சேரிக் குழு. கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வாசிக்க ஆரம்பித்தால் பந்தியில் உட்கார்ந்திருப்பவன்கூட ஒரு நிமிஷம் சாப்பாட்டை மறந்து நிமிர்ந்து பார்ப்பான்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரேயடியாகப் போயிருந்தால் தொலைகிறது என்று ஊருக்கே சொல்லியிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிரஸ் ஷாப்பில் காதடைப்பான்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும், ஒருத்தரும் தொடமாட்டார்கள். அச்சு மழுங்கினால் மெஷின் சத்தம் லேசாக மாறும். அதைக் கேட்டு உடனே நிறுத்துகிறவன்தான் அங்கே கெட்டிக்காரன். காதை அடைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, புது மாப்பிள்ளை கூச்சப்படுறார் என்று கிண்டல் செய்வார்கள். கம்பியும் செய்தவர்தான். என்ன பெருமையோ போங்கள்! அந்தப் பெருமை முதலில் குருவிச் சத்தத்தை வாங்கிக்கொண்டது, அப்புறம் போன் மணியை, அப்புறம் ஆட்களின் பேச்சில் பாதியை. குரல் கேட்கும். என்ன சொன்னார்கள் என்பது மட்டும் பிடிபடாது.

வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவரோடு வேலை பார்த்த ஒரு மூத்தவருக்கு இதே கதி வந்ததை அவர் பார்த்திருந்தார். காது மந்தம் என்று தெரிந்ததும் அவரைத் தொழிற்சாலை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதலில் எல்லாரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். அப்புறம் கையை ஆட்டினார்கள். அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கம்பிக்குச் சாவைவிட அந்த நாற்காலியைக் கண்டால்தான் பயம். குழுவுக்குத் தெரிந்தால் கிதாரும் போய்விடும் என்று நினைத்தார். காது கேட்காதவனை வைத்துக்கொண்டு எவன் கச்சேரி செய்வான்?

அதனால் சமாளித்தார். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்ப்பார். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார். எதற்கும் "அதானே!" என்பார். முக்கால்வாசி நேரம் அது பொருந்திவிடும். ஒரு தடவை தபால்காரர், தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே "அதானே!" என்றுவிட்டார். தபால்காரர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டில் அவர் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், மாடியிலிருந்து கூப்பிடுவாள், பின்னால் நின்று கூப்பிடுவாள். பதில் வராது. "நான் சொல்ற எதையும் இவர் காதுலயே போட்டுக்க மாட்டார்" என்று தம்பியிடம் புலம்புவாள். போன மழைக்காலத்திலிருந்து அவள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கம்பிக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிடாவிட்டால் மாட்டிக்கொள்ளவும் வேண்டாமே.

மாட்டிக்கொண்டது கிதாரால். கீச்சென்ற கூர்மையான ஒலி காதில் விழாததால் அவர் கிதாரின் குமிழையும் ஒலிபெருக்கிப் பெட்டியின் குமிழையும் கூர்மைப் பக்கமாகவே திருகித் திருகி வைத்தார். அவருக்கு இதமாக இருந்தது. கேட்பவர்களுக்குப் பல் கூசியது. ஒரு வரவேற்பில் முன்வரிசைப் பெண்மணி காதைப் பொத்திக்கொண்டே எழுந்து போனாள். மச்சானுக்குத் தாங்கவில்லை.

"மாமா, உங்க கிதார் செத்துப்போச்சு. கீச்சுகீச்சுன்னு தகரத்தச் சுரண்டுற மாதிரி இருக்கு. குழுச் செலவுல புதுசு எடுக்கலாம். ஞாயித்துக்கிழம அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

கிதாருக்கு ஒரு கேடும் இல்லை. அது கம்பிக்குத் தெரியும். ஆனாலும் பழி கிதார்மேல் விழட்டுமே என்று, "அதானே!" என்றார்.

கடையில் இருந்த பெண் இரண்டு கிதார்களை எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே வடிவம், ஒரே கருஞ்சிவப்பு, ஒரே கம்பெனி. ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருந்தன.

"வித்தியாசம் ஒண்ணுதான் சார். இதுக்குக் கழுத்தத் திருகு போட்டு மாட்டியிருக்காங்க. அதுக்கு உடம்போட சேத்து ஒட்டியிருக்காங்க. இது பளிச்சுன்னு பேசும், அது கொஞ்சம் கனமாப் பேசும். வாசிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்."

இதை அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டதால் முழுக்கப் புரிந்தது. கடைசி வாக்கியத்துக்கு வழக்கம்போல "அதானே!" என்று வைத்தார்.

முதலில் வயர் மாட்டாமல் வாசித்தார். திருகுக் கழுத்துக்காரன் கைக்குச் சுகமாகத்தான் இருந்தான். கழுத்தின் பின்புறம் பளபளப்புப் பூச்சு இல்லாமல் இருந்ததால் கட்டை விரல் தடங்கலில்லாமல் ஓடியது. கிதார் உடம்பின் மேல்பக்கம் நீண்டிருக்கும் கொம்பில் தாடையை வைத்து ஒரு கம்பியைத் தட்டினார். அது அவருடைய ஸ்டைல் என்று குழுவில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிர்வு தாடையில் ஏறி, சட்டென்று அடங்கிவிட்டது.

ஒட்டுக் கழுத்துக்காரனை எடுத்தார். கனம் கொஞ்சம் கூடுதல். கழுத்தில் பூச்சு அதிகம், வியர்த்த விரல் லேசாக ஒட்டியது. அதே கம்பியைத் தட்டினார். அடேயப்பா! அதிர்வு தாடை, விலா எலும்பு, நெஞ்சுக்கூடு என்று இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. கம்பி கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நாளாயிற்று, ஒரு சத்தம் அவரைத் தேடி இவ்வளவு உள்ளே வந்து.

"பெட்டியில போட்டுக் கேளுங்க மாமா. சத்தத்துக்குத்தானே வந்திருக்கோம்" என்றான் மச்சான்.

வயரை மாட்டினார்கள். கம்பியின் கை பழக்கதோஷத்தில் குமிழைக் கூர்மைப் பக்கம் கடைசிவரை திருகியது. வாசித்தார். மச்சான் முகம் சுருங்கியது. கடைக்காரப் பெண் பெட்டியருகே குனிந்து குமிழைக் குறைத்தாள். கம்பி தலையாட்டி ரசித்தார். அவள் சந்தேகப்பட்டு மறுபடி முழுக்க ஏற்றினாள். மச்சான் காதில் கை வைத்தான். கம்பி அதே தலையாட்டலோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுல எது நல்லா கேக்குது சார்?"

"ரெண்டும் ஜோராத்தாம்மா இருக்கு. மாத்தி மாத்திக் கேட்டாத்தான் தெரியும்" என்று மழுப்பினார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அந்தக் கடையின் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. கிதார் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் காதால் வாங்குவதில்லையே, கண்ணாடியைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள். அவர் கிதார்க் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது.

என்னங்க.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது.

இப்போது திரும்பினால் போதும். "என்னம்மா?" என்று ஒரு வார்த்தை. ரகசியம் இன்னும் பல வருஷம் தாங்கும். அவர் திரும்பத்தான் போனார். அதற்குள் உதடு மறுபடி அசைந்தது. கோபத்தில் கூப்பிடுகிற முகமாக அது இல்லை. அவளுக்குப் பயம் வந்திருந்தது. கூப்பிடுவதையே விட்டிருந்தவள் இப்போது அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"கேக்கலம்மா" என்றார் கண்ணாடியைப் பார்த்தே. "நீ கூப்பிடுறது தெரியுது. கேக்கல."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே வந்தாள்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப வருஷமா. கிட்ட வந்தா குரல் விழும். நீ என்ன சொல்றன்னு புரியாது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"கிதாரப் புடுங்கிடுவீங்கன்னு பயந்தேன்."

கடைக்காரப் பெண் பெட்டியை அணைத்துவிட்டு நாசூக்காக அந்தப் பக்கம் போனாள். மச்சான்தான் அவர் முகத்துக்கு நேராக வந்து மெல்லக் கேட்டான். "மாமா, எனக்குத் திருகு போட்டதுதான் சத்தத்துல புடிச்சிருக்கு. உங்களுக்கு?"

"எனக்குச் சத்தத்துல ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒட்டினது நெஞ்சுல கேக்குது."

"அப்ப அதையே எடுங்க. குமிழ நான் பாத்துக்கறேன். நீங்க தொடக்கூடாது, ஆமா!" அதட்டலாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பில் போடப் போனான்.

கம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்ததில் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கிதார் போகவில்லை. தன்னையும் யாரும் வாசல் கேட்டருகே உட்கார வைக்கவில்லை. இதற்காகவா இவ்வளவு பயந்தோம் என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துதே. நீங்க பக்கத்து ரூம்ல வாசிச்சிட்டிருந்தீங்க. நான் கூப்பிட்டேன்."

"எப்ப?"

"மத்தியானம். எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமா? தொண்ட கட்டுற வரைக்கும். நீங்க பாட்டுக்கு வாசிச்சீங்க. அப்புறம் சுவரப் புடிச்சிட்டு நானே எந்திரிச்சுப் போனேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த மனுஷன இனிமே கூப்பிடுறதில்லன்னு."

கம்பிக்கு அந்த மத்தியானம் நினைவிலேயே இல்லை. மழை பெய்தது, வாசித்தோம், அவ்வளவுதான். கதவு திறந்துதான் இருந்திருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்கவே பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டார்.

"எதுக்கும்மா கூப்பிட்ட?"

அவள் உதட்டை அவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கு" என்றாள்.